பாறைத்துறையில் இரண்டு கைகள் ஒட்டிக்கொண்ட ஆடி மாதம்

ஆடி மாதத்து முதல் ஞாயிற்றுக்கிழமை பூசை நடுவில் மழை பிடித்து, பாறைத்துறை மாதா கோயிலின் தெற்குப் பக்கத்து ஓடுகள் ஒழுகத் தொடங்கியதால், அந்தப் பக்கம் இருந்த பெண்கள் எல்லாரும் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வடக்குப் பக்கம் வந்து நெருக்கி உட்கார வேண்டியதாயிற்று. அப்படி நெருக்கியதில், பதினோரு வருடமாகக் கோயிலின் இரண்டு மூலைகளில் உட்கார்ந்து ஒருத்தியின் முகத்தை ஒருத்தி பார்க்காமலே சாமி கையால் நன்மை அப்பம் வாங்கிக்கொண்டிருந்த அமலோற்பவமும் கொரற்றியும், தோளில் தோள் இடிக்க ஒரே பெஞ்சில் வந்து சேர்ந்தார்கள். எழுந்து போகலாம் என்றால் எங்கும் இடமில்லை. வெளியே போகலாம் என்றால் மழை. அன்றைக்கென்று பார்த்து, ஊருக்குப் பங்குச் சாமியாராக வந்து மூன்றே வாரம் ஆகியிருந்த டெல்லஸ் சாமி, சமாதானம் சொல்லும் நேரத்தில் சனங்கள் வழக்கம்போலக் கைகூப்பித் தலையை ஆட்டியதைப் பார்த்துவிட்டு, "அது போதாது பிள்ளைகளே, பக்கத்துல இருக்கவங்க கையப் பிடிங்க" என்றார்.

அமலோற்பவம் வலது கையை நீட்டினாள், சூடான சட்டியை எட்டி எடுக்கிறவள் மாதிரி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. கொரற்றி இடது கையைக் கொடுத்தாள். உள்ளங்கையோடு உள்ளங்கை பட்டது, ஒரு மூச்சு விடும் நேரம்தான், அதற்குள் பாட்டு தொடங்கிவிட்டது, அமலோற்பவம் கையை இழுத்தாள். வரவில்லை.

"விடுளா" என்றாள் பல்லுக்குள். பதினோரு வருடத்தில் அவள் கொரற்றியிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"நான் எங்க பிடிச்சிருக்கேன் மைனி, நீங்கல்லா பிடிச்சிருக்கீங்க" என்றாள் கொரற்றி.

இருவரும் கைகோத்தபடி நன்மை வாங்க நடந்து வந்ததைப் பார்த்து ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்தார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து யாரோ கைதட்டினார்கள். ததேயுவின் ஆன்மாவுக்கு இன்றைக்குத்தான் சாந்தி கிடைத்தது என்று பின்வரிசையில் ஒருத்தி சத்தமாகவே சொன்னாள்.

ததேயு, அமலோற்பவத்தின் ஒரே தம்பி, கொரற்றியின் கணவன். கலியாணம் கழிந்து மூன்றாவது வருடம், காற்று எச்சரிக்கை சொன்ன ஒரு காலையில் கட்டுமரத்தைத் தள்ளிக்கொண்டு போனவன் திரும்பவில்லை. கட்டுமரம் ஒன்பதாவது நாள் கரை சேர்ந்தது, அவன் சேரவில்லை. பெட்டி இல்லாமல் அடக்கப் பூசை முடித்து எல்லாரும் கோயில் முற்றத்தில் நின்றபோது, அமலோற்பவம் தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு, "எனக்க தம்பிய கடலுக்குத் தின்னக் குடுத்தவ இவதான்! காலையில வாயாடி வாயாடி அவன வீட்ட விட்டு வெரட்டினவ இவதான்!" என்று ஊரே கேட்கக் கத்தினாள். கொரற்றி ஒரு வார்த்தை பதில் சொல்லவில்லை. சொல்லாததால் அது உண்மை என்றாயிற்று. பிள்ளை இல்லாத கொரற்றி தாய்வீட்டுக்கும் போகாமல், தெற்குத் தெருவில் அதே வீட்டில் தனியாக இருந்து, மீன் சருவத்தைத் தலையில் சுமந்து ஊர் ஊராக விற்றுப் பிழைத்தாள். அமலோற்பவம் வடக்குத் தெருவில் இருந்து அதே மீனை அதே ஊர்களில் விற்றாள். பூசையில் ஆண்டவர் கற்பித்த செபம் சொல்லும்போது, தீமை செய்தவர்களை மன்னிக்கிற இடம் வந்ததும் அமலோற்பவம் வாயை மூடிக்கொள்வாள், அது தாண்டியதும் திறப்பாள். அவளுக்கு அது பழகிப்போயிருந்தது, பக்கத்தில் நிற்கிறவர்களுக்கும் பழகிப்போயிருந்தது.

கை வரவில்லை என்று ஊருக்குப் புரிய அன்று மத்தியானம் ஆகிவிட்டது. தேங்காயெண்ணெய் ஊற்றிப் பார்த்தார்கள், சோப்பு நுரையில் ஊறவைத்துப் பார்த்தார்கள், என்ஜினுக்குப் போடுகிற கிரீசையும் தடவிப் பார்த்தார்கள். கை வழுக்கியது, ஆனால் கழலவில்லை. திங்கட்கிழமை நாகர்கோவிலுக்குக் கூட்டிப்போனபோது, எலும்பு டாக்டர் படம் எடுத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, பத்து விரலும் தனித்தனியாக நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பிறகு இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டு, சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதை இருவரும் ஒரே டம்ளர் தண்ணீரில் விழுங்கினார்கள்.

பிறகு ஊர் தன் வேலையைப் பார்த்தது. இது ஏன் வந்தது என்று யோசிக்க ஆடி மாதத்தில் யாருக்கு நேரம்; இரண்டு பெண்கள் எந்த வீட்டில் உறங்குவது, எப்படிச் சேலை மாற்றுவது என்பதுதான் அவசரம். கோயில் காரியங்களைப் பார்க்கிற பங்குப் பேரவை கூடி, ஒரு வாரம் வடக்குத் தெரு, அடுத்த வாரம் தெற்குத் தெரு, ஞாயிற்றுக்கிழமை இருவரும் பேசி முடிவு செய்துகொள்வது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டது. அமலோற்பவத்தின் புருசன் கொச்சியில் தங்கி விசைப்படகில் தொழில் செய்பவர், மகள்கள் இருவரும் கட்டிக்கொடுத்த இடங்களில் இருந்தார்கள், அதனால் அந்தப் பக்கம் இடைஞ்சல் இல்லை. தையல்கார மெட்டில்டா கழுத்திலிருந்து மணிக்கட்டு வரை கையின் நீளத்துக்குத் திறந்து, வரிசையாகப் பிரஸ் பட்டன் வைத்து மூடுகிற மாதிரி ஜாக்கெட்டும் நைட்டியும் தைத்துக் கொடுத்தாள். அது காற்றோட்டமாக இருக்கிறதென்று கை ஒட்டாத பெண்களும் தைக்கக் கொடுத்தார்கள். சந்தையில் ஒரே சருவத்தின் முன்னால் இரண்டு வியாபாரிகள் உட்கார்ந்தார்கள். அமலோற்பவம் விலையை இறக்கமாட்டேன் என்று நிற்க, கொரற்றி பேசாமல் கூடுதலாக ஒரு மீனை எடுத்துப் பையில் போட, பத்து மணிக்கெல்லாம் சருவம் காலியானது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடிக்க ஊரே பயந்தது. பலா மரத்தின் கிளை யார் பக்கம் என்று ஆறு வருடமாகப் பேசாமல் இருந்த அண்ணன் தம்பிகள், சனிக்கிழமை சாயங்காலமே சந்தித்து, பழத்தை வெட்டிச் சுளை எடுத்துத் தின்றுவிட்டு, ஒட்டுகிற பிசினை எல்லாம் கையிலிருந்து நன்றாகத் துடைத்துக்கொண்டு பூசைக்கு வந்தார்கள். மாமியார்களும் மருமகள்களும் கோயில் வாசலிலேயே அவசர அவசரமாகப் பேசித் தீர்த்துக்கொண்டார்கள். சாமியிடம் பாவத்தைச் சொல்லித் தீர்க்கிற பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை கொடிமரம் வரை நீண்டது. டெல்லஸ் சாமி மெலிந்துபோனார்.

ஆனாலும் அந்த இரண்டு கைகள் மட்டும் அப்படியே இருந்தன.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை சாமி அமலோற்பவத்தைக் கூப்பிட்டு, "நீங்க மனசு வச்சா விடும்னு தோணுது. மன்னிச்சிருங்களேன் அம்மா" என்றார். வயதுக்கு அவர் அவளுக்கு மகன் ஆகமுடியும். அமலோற்பவம் இரண்டு நாள் யோசித்தாள். வலது கை இல்லாமல் அவளுக்குச் சோறு அள்ளித் தின்ன முடியவில்லை, இடது கையில் ஸ்பூனைப் பிடித்து மடியெல்லாம் கொட்டினாள். கொரற்றி தன் வலது கையால் ஊட்ட வந்தபோதெல்லாம், "தள்ளு, நான் சீக்குக்காரி இல்ல" என்று முகத்தைத் திருப்பினாள். ஆகவே அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பீடத்தின் முன்னால் போய் நின்று, சனங்களைப் பார்த்துத் திரும்பி, "எனக்க தம்பிய இவ என்ன செய்தாலும் செய்திட்டுப் போவட்டும். ஆண்டவருக்காவ நான் இவள மன்னிச்சாச்சு" என்று சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே தன் மேல் இரக்கம் வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அவள் கையை இழுத்தாள். கொரற்றியும் கூடவே இரண்டடி நகர்ந்து வந்தாள்.

சாமி குழம்பிப்போய்க் கொரற்றியைப் பார்த்து, "நீங்க அத ஏத்துக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

கொரற்றி தரையைப் பார்த்தபடி, "நான் செய்யாத காரியத்துக்குத் தாற மன்னிப்ப எங்க கொண்டு வைக்க சாமி?" என்றாள்.

பதினோரு வருடம் கழித்து வந்த பதில் அது. அமலோற்பவத்துக்குக் காது இரண்டும் சூடாகின. அவமானத்தில் என்று ஊர் நினைத்தது. அது பயம் என்று அவளுக்கு மட்டும் தெரிந்தது.

அந்த வாரம் தெற்குத் தெரு முறை. தம்பி வாழ்ந்த வீட்டுக்குள் அமலோற்பவம் ஒவ்வொரு முறை நுழையும்போதும் சுவரோரமாகவே நடப்பாள், எதையும் தொடமாட்டாள். காலையில் கொரற்றி மாதா சுரூபத்தின் முன் முழங்காலில் நிற்கும்போது இவளும் நின்றாக வேண்டும். கொரற்றி வாய்விட்டுச் செபிக்கிறவள். தாய்வீட்டுக்காரர்கள், அக்கம்பக்கத்துக்காரர்கள், கடலுக்குப் போனவர்கள் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்து, கடைசியில், "மைனிக்க முட்டு வலி கொறையணும்" என்றாள், அதைத் தினமும் சொல்லிப் பழகியவள் சொல்கிற வேகத்தில். பக்கத்தில் மைனி நிற்கிறாள் என்பதற்காகச் சொன்னதாகத் தெரியவில்லை. தனக்கு முட்டு வலி வந்து ஏழு வருடம் ஆகிறது என்று அமலோற்பவம் மனதுக்குள் கணக்குப் பார்த்தாள். அவளுக்குக் கோபம் வந்தது, எதற்கென்று தெரியாமலே வந்தது.

புதன்கிழமை பகல் பதினொரு மணிக்கு இருவரும் முற்றத்தில் உட்கார்ந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அமலோற்பவம் இடது கையால் மீனின் வாலைப் பிடித்துக்கொள்ள, கொரற்றி வலது கையால் செதிள் சுரண்டினாள். அப்போது கோயில் மைக் கரகரத்தது. காற்று பலமாக வீசும் என்று சொல்லியிருக்கிறார்கள், யாரும் தொழிலுக்குப் போகவேண்டாம், யாரும் போகவேண்டாம்.

மீன் அமலோற்பவத்தின் கையிலிருந்து நழுவியது.

"அன்னைக்கும் இப்படித்தான் மைக்குல சொன்னாவ" என்றாள் அவள்.

"ஆமா."

"அவன் எனக்க வீட்டுக்கு வந்தான். போகட்டுமா வேண்டாமான்னு வாசல்ல நின்னான். கொரற்றி, கேக்கியா? நாந்தான் சிரிச்சேன். மூணு வள்ளம் போயாச்சு, நீ மட்டும் அடைகாக்கிற கோழி மாதிரி வீட்டுல இருக்கப் போறியாலேன்னு கேட்டேன். நம்ம அப்பனுக்குப் பிறந்தவனா நீன்னு கேட்டேன். வெளையாட்டுக்குத்தான் கேட்டேன். அவனும் சிரிச்சிட்டுத்தான் போனான். எனக்க சிரிப்புதான் அவன..." இந்த வார்த்தைகளை அவள் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை.

கொரற்றி நழுவிய மீனை எடுத்துத் தண்ணீரில் அலசினாள்.

"தெரியும் மைனி" என்றாள்.

"என்ன தெரியும்?"

"அவிய தண்ணி கேன எடுக்கத் திரும்பி வந்தாவ. நான் போவாண்டாம்னு காலப் பிடிச்சேன். போகலன்னா அக்கா வருசம் பூரா சிரிப்பான்னு சொல்லிட்டுப் போனாவ. அன்னைக்கே தெரியும்."

"பின்ன அன்னைக்கு முற்றத்துல வச்சு நீ ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

"சொல்லியிருந்தா நீங்க அன்னைக்கே கடல்ல சாடியிருப்பீங்க. உங்க முகத்தப் பாத்தா அப்படித்தான் இருந்திச்சு. ஒரே வீட்டுல ரெண்டு பேரக் கடலுக்குக் குடுக்க எனக்கு மனசில்ல."

அமலோற்பவம் அவளையே பார்த்தாள். "ஒனக்கு எனக்க மேல கோவம் இல்லியா?"

"நல்லாக் கேட்டீங்க. நாலஞ்சு வருசம் தீயா எரிஞ்சிச்சு. அதுக்கப்புறம் தினமும் காலையில, இன்னைக்கு மன்னிச்சிட்டேன் ஆண்டவரேன்னு சொல்லுவேன். செல நாள் மனசு வரும், செல நாள் வெறும் வாய்தான். சொல்லிச் சொல்லி இப்ப கொஞ்ச காலமா மனசும் வருது."

அப்போது கை விட்டிருக்கவேண்டும் என்று ஊர் பிறகு பேசிக்கொண்டது. விடவில்லை. அமலோற்பவம் எழுந்துவிட்டாள், கொரற்றியையும் இழுத்துக்கொண்டு. "என்னய மன்னிக்கதுக்கு நீ யாருளா? யாரு கேட்டா? பதினோரு வருசம் நான் ஒன்னத் தூத்தித் திரிய, நீ உள்ளே இருந்து என்னய மன்னிச்சிட்டிருந்தியோ?" என்று கத்தினாள். கொரற்றி அறைந்திருந்தால் தாங்கியிருப்பாள், ஊரைக் கூட்டிச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பாள். இதைத் தாங்க அவளுக்கு உடம்பில் எங்கும் இடமில்லை. தெற்குத் தெரு முழுவதும் அடுப்பை மறந்து நின்று கேட்டது. கேட்டுவிட்டு, ஒன்றும் கேட்காத மாதிரி ஆளாளுக்குத் தங்கள் சட்டிகளை இறக்கி வைத்தது. அன்று மாலைக்குள் எல்லா வீட்டுக்கும் செய்தி போனது. ஆனால் யாரும் அவளிடம் அதைப்பற்றி வாய் திறக்கவில்லை. தேங்காய்ச் சில்லும் முருங்கைக் கீரையும் கொண்டுவந்து வைத்துவிட்டு மழையைப்பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள்.

அமலோற்பவம் சாப்பிடாமல் கிடந்தாள். வியாழக்கிழமை முழுவதும் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். கையை நீட்டி வைத்தபடி கொரற்றி அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். வெள்ளிக்கிழமை மத்தியானம் கொரற்றி பக்கத்து வீட்டில் சொல்லிப் பாயருகிலேயே ஸ்டவ்வை வரவழைத்து, உட்கார்ந்த இடத்திலேயே மரச்சீனிக் கிழங்கு அவித்து, சாளை மீன் குழம்பு வைத்து, தட்டில் போட்டு மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு கையால் கிழங்கு தொலிக்க அவளுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

"மைனி, நானும் ஒண்ணு சொல்லணும்."

அமலோற்பவம் சுவரோடு இன்னும் ஒட்டிப் படுத்தாள்.

"உங்களுக்கு இரக்கப்பட்டு நான் பேசாம இருந்தேன்னு சொன்னேன்லா. அது முழுசும் நெசமில்ல. நீங்க கோயில்ல செபத்துக்க பாதியில வாய மூடுவீங்க பாத்தீங்களா, நான் மூலையில இருந்து அதப் பாத்திட்டே இருப்பேன். உண்மை எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்னு உங்களுக்குத் தெரியாது. அதுல எனக்கு ஒரு சொகம் இருந்திச்சு. ஒரு வார்த்தையில உங்க பாரத்த எறக்கியிருக்கலாம். எறக்கல. அந்தச் சொகத்த விட மனசில்லாம வச்சிருந்தேன். அதுக்கு நீங்க என்னய மன்னிக்கணும்."

அமலோற்பவம் திரும்பிப் படுத்தாள். இந்த முகத்தை இவ்வளவு பக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை என்று தோன்றியது. இருபத்தேழு வயதில் தம்பி கையைப் பிடித்து வந்தவளுக்குக் காதோரம் நரைத்திருந்தது.

"மன்னிச்சேன்" என்றாள். இந்தமுறை தன் மேல் இரக்கம் வரவில்லை. பிறகு, "என்னயும்" என்றாள். அதைச் சொல்லத்தான் அவளுக்குப் பதினோரு வருடமும் இரண்டு நாளும் ஆகியிருந்தது.

"அது அப்பமே ஆச்சு மைனி. நீங்க வாங்கத்தான் இல்ல."

கொரற்றி கிழங்கைப் பிசைந்து குழம்பில் தோய்த்து நீட்டினாள். அமலோற்பவம் வாயைத் திறந்தாள். மென்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கி வாய்க்குள்ளும் போனது.

"உப்பு கொறவு" என்றாள்.

"அழுறீங்கல்லா, சரியாப் போவும்" என்றாள் கொரற்றி, அடுத்த உருண்டையை உருட்டியபடி.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனங்கள் கோயில் முற்றத்தில் இறங்கியபோது அமலோற்பவம் நடுவில் போய் நின்றாள். கூடவே கொரற்றியும் நின்றாள். எல்லாருக்கும் தெரிந்த விசயம்தான், ஆனாலும் இங்கே வைத்துச் சொன்ன பொய்யை இங்கே வைத்துத்தான் எடுக்கவேண்டும் என்று அவள் வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தாள். "எனக்க தம்பியக் கடலுக்கு அனுப்பினது நான். எனக்க வாய். அந்தப் பழிய இவ தலையில வச்சதும் எனக்க வாய். என் பிழை. இவ கால்ல விழுந்தாலும் தீராது, ஆனா இவ விழ விடமாட்டேங்கா" என்று சொல்லி, நெஞ்சில் மூன்று முறை ஓங்கி அடித்துக்கொண்டாள்.

வலது கையால் அடித்துக்கொண்டாள்.

ஊர் முழுவதும் அதைப் பார்த்தது. மெட்டில்டா வாயைப் பொத்திக்கொண்டாள். சாமி அங்கியைக் கழற்றப் போனவர் பாதிக் கையோடு நின்றார். அழுதுகொண்டு நிற்கிறவளிடம் போய், உன் கை விட்டுவிட்டது என்று சொல்வது மரியாதையாக யாருக்கும் படவில்லை. பலா மரத்துத் தம்பி மட்டும் தொண்டையைச் செருமிவிட்டு, "மழ வரும்போல இருக்கு, எல்லாரும் வீட்டுக்குப் போங்க" என்றான். ஒவ்வொருவராக அவளைக் கடந்து போகும்போது தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள்.

கை எப்போது விட்டது என்று பாறைத்துறையில் இன்னும் முடிவாகவில்லை. வெள்ளிக்கிழமை முதல் உருண்டையில் விட்டது என்பார்கள் தெற்குத் தெருவில். இல்லை, சனிக்கிழமை பஸ்ஸில் அமலோற்பவம் இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்திருந்ததை நான் பார்த்தேன் என்று கண்டக்டர் சத்தியம் செய்கிறார். அப்படியானால் சனிக்கிழமை முழுவதும், ஞாயிறு காலையிலும் இருவரும் வெறுமனே கைகோத்துக்கொண்டு நடந்திருக்கிறார்கள், அது அவர்களுக்கே தெரியவில்லை.

அமலோற்பவத்துக்குத் தெரிந்தது தெற்குத் தெரு வீட்டுக்கு வந்து படலைத் திறக்கும்போதுதான்.

"எளா, கை!"

"ஆமா மைனி. நான் கோயில்லயே பாத்தேன்."

"சொல்லப்பிடாதா?"

"நீங்க பேசிட்டிருந்தீங்கல்லா."

அமலோற்பவம் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். ரொம்ப நாள் தண்ணீரில் கிடந்த மாதிரி வெளுத்து, ரேகை எல்லாம் தெளிவாகத் தெரிந்தது. முகத்தில் முதல் தூறல் விழுந்தது. அவள் முட்டு வலியை மறந்து முற்றத்துக்கு ஓடி, கொடியில் காய்ந்துகொண்டிருந்த சேலைகளையும் பிரஸ் பட்டன் வைத்த நைட்டிகளையும், எது தன்னுடையது எது கொரற்றியுடையது என்று பார்க்காமல், இரண்டு கையாலும் வாரி அணைத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள்.